லாரி வரிசைக்கு அந்தப் பக்கம்

சூடேறிய டீசலும் கடல் உப்பும் கலந்த வாசனை எங்காவது மூக்கில் பட்டால், திருவொற்றியூரில் எங்கள் வீட்டு மொட்டைமாடியும், கடலோரச் சாலை நெடுக, துறைமுகத்துக்குள் போக முறை வராமல் நாள் கணக்கில் நின்ற கன்டெய்னர் லாரிகளும் கண்ணுக்குள் வந்துவிடுகின்றன. சிவப்பும் நீலமுமான அந்தப் பெட்டிகளுக்குள் யாரோ தூங்குவதாக நினைத்து, மாடியில் மெதுவாகத்தான் நடப்பேன். உலகமெல்லாம் சுற்றும் பெட்டிகள் எங்கள் தெருமுனையில் நகரமாட்டாமல் நின்றது வேடிக்கைதான். அவற்றைத் தாண்டி பஸ் நுழையாது. ஆட்டோக்காரர்களோ, "அந்தாண்ட போனா திரும்பி வர முடியாது" என்று கையை விரிப்பார்கள்.

செல்வி அக்காவைப் பெண் பார்க்கத் தாம்பரத்திலிருந்து கிளம்பியவர்களும் அந்த வரிசைக்குப் பின்னால்தான் மாட்டிக்கொண்டார்கள். போட்டோவிலேயே அக்காவுக்கு மாப்பிள்ளையைப் பிடித்துப்போயிருந்தது. அம்மா போட்ட பஜ்ஜியெல்லாம் ஆறி, வெயிலும் சாய்ந்த பிறகு, மாப்பிள்ளையின் அப்பா போன் செய்தார். ஸ்பீக்கரில் வீடே கேட்டது.

"போட்டோவுல பொண்ணு லட்சணமாத்தான் இருக்கா. ஆனா நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுன்னா நாங்க வந்து போகணும் இல்லீங்களா?"

பட்டறையில் வேலை பார்த்த என் அப்பா, எங்கள் "நைனா", யாரிடமும் பணிந்து பேசி நான் கேட்டதில்லை. அன்று, "இன்னும் கொஞ்ச நேரம் பாருங்க சார், வண்டி நகந்துடும்" என்று கெஞ்சினார். அவர்கள் மரியாதையாகவே போனை வைத்தார்கள். அந்த மரியாதையை நினைத்தால் இன்றும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

அக்கா பட்டுப்புடவையைக்கூட மாற்றவில்லை. "டிரைவருங்களும் பசியோடதான் நின்னுகினு கீறாங்க" என்று பஜ்ஜித் தட்டை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். மங்கிய வெளிச்சத்தில் லாரிகளுக்கு நடுவே அவள் மறைவதும் தெரிவதுமாகப் போக, ஒவ்வொரு ஜன்னலிலிருந்தும் ஒரு கை நீண்டது. மாடியிலிருந்து பார்த்த நான், அதுதான் கல்யாணப் பந்தி என்று நம்பினேன்.

பிறகு வந்த வரன்களும் "அந்த ரோடா?" என்று கேட்டு நழுவின. அக்கா அதே வீட்டிலேயே இருந்துவிட்டாள்.

இப்போது அந்த நீண்ட வரிசை இல்லை. மெட்ரோ வந்துவிட்டது, அக்கா அதில்தான் வேலைக்குப் போகிறாள். போன மாதம் ஒரு தரகர் கூப்பிட்டு, நல்ல வரன் இருக்கிறது, இப்போதெல்லாம் சிரமமில்லாமல் வந்து பார்க்கலாமே என்றார்.

"அன்னிக்கு எனக்கு வேலை கீதுங்க" என்று அக்கா போனை வைத்துவிட்டாள்.

தரகர் எந்த நாள் என்று இன்னும் சொல்லியிருக்கவே இல்லை.