தௌலத்தின் இடது கால்

“இல்லத்தரசி. அமைதியானவர். சிகிச்சைக்கு முழு ஒத்துழைப்பு தந்தார். கொரோனாவிலிருந்து பூரண குணம்.”

எகிப்தில், எங்கள் போர்ட் சயீதில் ஓர் ஆஸ்பத்திரி, என் மாடிவீட்டுக்காரி தௌலத்தைப் பற்றி எழுதிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பியது இது. இல்லத்தரசிதான், பகலெல்லாம் சந்தையில் நின்று மீன் விற்கிறவளை வேறு எப்படிச் சொல்வது? அமைதியானவள்தான், அவள் ஒருவனைத் திட்டத் தொடங்கினால் சூயஸ் கால்வாய்க்கு அக்கரையில் இருப்பவன் தன்னைத்தானோ என்று திரும்பிப் பார்ப்பான்.

குணம் என்பதில்தான் வில்லங்கம். வீடு திரும்பிய வாரமே இடது கெண்டைக்கால் வீங்கிச் சிவந்து சுட்டது. நாலு படி ஏறினால் மூச்சு இரைத்தது. மகன் ஹானி பாசக்காரன். அம்மாவைக் கட்டிலைவிட்டு இறங்க விடவில்லை. கண்ணேறு என்று சொல்லித் தூபம் போட்டான். கடைசியில் கால்பந்து கிளப்பில் கால் பிடித்துவிடுகிறவனைக் கற்பூர எண்ணெயோடு கூட்டிவந்தான்.

தௌலத் செருப்பைக் கையில் எடுத்தாள்.

“தொட்டே, கையை ஒடிச்சிடுவேன்! தஹானி காலையும் நீதானேடா அமுக்கிவிட்டே?”

தஹானி ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பக்கத்துக் கட்டில். ஒரே நாளில் வீடு திரும்பியவர்கள். அவளுக்கும் ஒரு கால் இப்படித்தான் வீங்கியது. பிடித்துவிட்ட மறுநாள், விருந்தாளிக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தவள் மூச்சு முட்டிச் சுருண்டு விழுந்தாள். அவ்வளவுதான்.

“அது அவங்க விதிம்மா,” என்றான் ஹானி.

“விதி ஒத்தைக் காலுலதான் வீங்குமாடா? ரெண்டுல வீங்கத் தெரியாதா அதுக்கு? வண்டியை எடுக்கச் சொல்லு!”

வண்டி என்னுடையது. அதனால் அதே ஆஸ்பத்திரியில் டாக்டர் அறைக்குள் நானும் போனேன். கொரோனா வந்த முதல் வருஷக் கோடை; டாக்டர் இளைஞர், தூக்கமில்லாத கண்கள். அவர் ஹானியைப் பார்த்தே பேசினார்.

“நெஞ்சுப் படம் தேறியிருக்கு. வைரஸ் போயிடுச்சு. அம்மாவுக்குப் பயம், நரம்புத் தளர்ச்சி. நல்லா ரெஸ்ட் எடுக்கட்டும்.”

“அதைத்தான் டாக்டர் நானும் சொல்றேன்,” என்றான் ஹானி.

படித்தவன் என்ற பொறுப்பில் நான் வைட்டமினைப் பற்றி ஒரு கேள்வி கேட்டேன். அதற்கு விரிவான பதில் கிடைத்தது.

“மூணு பேரும் பேசி முடிச்சாச்சா?” என்றாள் தௌலத். குரல் தாழ்ந்திருந்தது, சந்தையில் அந்தக் குரலைக் கேட்டால் ஆட்கள் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். “கால் யாருது?”

“ஹாஜ்ஜா, பதட்டப்படாதீங்க...” என்றார் டாக்டர்.

“பதட்டமா? வந்ததுலேருந்து காலு காலுன்னு கத்தறேன். ஒருத்தனாவது குனிஞ்சு பார்த்தீங்களா?”

பார்க்கவில்லை. வயதில் மூத்தவள், ஹஜ் போய்வந்தவள். மேலங்கியை விலக்கச் சொல்ல டாக்டருக்குக் கூச்சம். மகனுக்கு அதைவிடக் கூச்சம். சந்தைத் தண்ணீர் முழங்கால்வரை தெறித்தாலும் அவள் அங்கியின் விளிம்பு கணுக்காலைத் தாண்டி ஏறி யாரும் கண்டதில்லை. தஹானியையும் எல்லோரும் இப்படித்தான் மதித்தார்கள். மரியாதையோடு அடக்கம் செய்தார்கள்.

ஸ்கேனில் முழங்காலிலிருந்து தொடைவரை இரத்தம் உறைந்து அடைத்திருந்தது. ஒரு துணுக்கு நுரையீரலுக்கே போய்விட்டிருந்தது. அடுத்த துணுக்கு கிளம்புமுன் உறைவைத் தடுக்கும் ஊசி ஏறியது, பிழைத்தாள். “எனக்கு அப்பவே ஒரு சந்தேகம்,” என்று டாக்டர் இப்போது சொல்லிவருகிறார். ஹானியோ தூபத்தின் பலன் என்கிறான்.

நான் அந்த அறையில் இருந்தேன். தௌலத் அங்கியை முழங்காலுக்கு மேல் சுருட்டி, வீங்கியதும் வீங்காததுமாக இரண்டு கால்களையும் டாக்டரின் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் நீட்டி வைத்தாள். ஸ்கேனுக்குக் கூட்டிப்போகச் சக்கர நாற்காலி வரும்வரை அவற்றை இறக்கவில்லை.