ஞாயிற்றுக்கிழமை விபூதி

மாமா, உங்கள் டப்பா இப்போது என்னிடம்தான் இருக்கிறது.

தொண்டைக்கு இதமாகச் சப்பும் மிட்டாய் வந்த தகர டப்பா அது. வட்டமானது, நீல நிறம். மூடியின் ஓரமெல்லாம் வண்ணம் போய்த் தகரம் தெரியும். மிட்டாய் தீர்ந்து எத்தனையோ வருஷம் ஆகியும் திறந்தவுடன் முதலில் வருவது புதினா வாசம்தான். விபூதி வாசம் அதற்குப் பிறகுதான் மெல்ல வரும். என் மாமா சிங்கப்பூரில் பேருந்து ஓட்டியவர். தேக்காச் சந்தையில் விபூதிப் பொட்டலம் வாங்கி வந்து அந்த டப்பாவில் கொட்டி, சீருடைச் சட்டையின் பையில் போட்டுக்கொள்வார். விடியும் முன்பே வீட்டில் ஒரு குளியல், மதிய இடைவேளையில் டிப்போவில் இன்னொரு குளியல். குளித்த ஒவ்வொரு முறையும் மூன்று விரலால் நெற்றியில் இழுத்துக்கொள்வார். குளிக்காமல் அந்த டப்பாவைத் தொட்டு நான் பார்த்ததே இல்லை.

அப்பா எங்களை விட்டுப் போன பிறகு என்னையும் அம்மாவையும் புக்கிட் பாஞ்சாங்கில் இருந்த தன் வீட்டுக்கு அழைத்துக்கொண்டவர் அவர்தான். அம்மாவுக்குக் கூடப் பிறந்த ஒரே அண்ணன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நான் உயர்நிலை இரண்டாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டபோது எல்லாரும் திட்டினார்கள். அவர் மட்டும், "சரி, நாளைக்கு என்ன வேலைக்குப் போற? அதச் சொல்லு" என்றார். நான் ஏர்கான் சுத்தம் செய்யும் வேலைக்குப் போனேன். இன்றும் அதே வேலைதான்.

ஒருமுறை அவருக்குக் கடுமையான காய்ச்சல். குளிக்க முடியவில்லை. அம்மா ஆசையாக டப்பாவை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போனார். மாமா தலையைத் திருப்பிக்கொண்டார். "குளிக்காத நெத்தியில சாமிய உக்கார வைக்காத லா." அம்மா சிரித்துவிட்டார். "உங்க சாமிக்கு மூக்கு ரொம்ப நீளம்ண்ணே." மாமா சிரிக்கவில்லை. காய்ச்சல் இறங்கிக் குளித்த அன்றுதான் அவர் நெற்றி வெளுத்தது. இந்தச் சின்ன விஷயத்தை நான் முதலிலேயே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

மாமாவுக்கு வாதம் வந்தது. குளியலறையிலேயே விழுந்தார். வலப்பக்கம் முழுக்கச் செயல் போய்விட்டது, பேச்சும் போய்விட்டது. இடது கை மட்டும் அசைந்தது. சொல்வது அவருக்குப் புரிகிறதா என்று மருத்துவமனையில் யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. அவரைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். அம்மா பள்ளிக்கூட உணவுக் கடையில் வேலை பார்க்கிறார், சனிக்கிழமைகளில் வீடுகள் துடைக்கப் போகிறார். நான் வாரத்தில் ஆறு நாளும் ஏணி மேல் நிற்கிறேன். அதனால் அவரை, நோயாளிகளைத் தங்க வைத்துப் பார்த்துக்கொள்ளும் தாதிமை இல்லத்தில் சேர்ப்பது என்று முடிவானது.

சேர்க்கும் முன்பு அம்மாவும் நானும் அந்த இடத்தைப் பார்க்கப் போனோம். எதைப் பார்க்க வேண்டும் என்று எங்களுக்குத் தெரியவில்லை. தரை பளபளவென்று இருந்தது. வாசலில் மீன் தொட்டி. தீபாவளிக்கு ஒட்டிய காகித விளக்குகளைச் சுவரிலிருந்து இன்னும் எடுக்கவில்லை. கெட்ட வாசம் எதுவும் இல்லை. சுற்றிக் காட்டிய பெண் நன்றாகச் சிரித்தார். அம்மா கழிவறைக் கதவைத் திறந்து பார்த்தார், ஒரு மெத்தையை அழுத்திப் பார்த்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "தினமும் குளிப்பாட்டுவீங்களா?" அந்தப் பெண், "எவ்ரி டே, ஆன்ட்டி" என்றார்.

அம்மாவுக்கு அது போதவில்லை. அவருக்கே ஒரு யோசனை வந்தது. மாமா இருந்த பகுதியில் தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒரு அக்கா வேலை செய்தார். மாமாவைச் சேர்த்த அன்று அம்மா அந்த நீல டப்பாவை அவர் கையில் கொடுத்தார். "குளிப்பாட்டி முடிச்ச பெறகுதான் பூசணும்மா. அதுக்கு முன்னாடி பூசக்கூடாது." அந்த அக்கா டப்பாவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "எங்க அப்பாவும் இப்படித்தான்ம்மா" என்றார். லிஃப்டில் இறங்கும்போது அம்மாவின் முகம் தெளிந்திருந்தது. "நெத்தியப் பாத்தா தெரிஞ்சிரும்டா. நாம கேக்கவே வேணாம்."

அந்த இல்லம் நல்லபடி நடக்கிறதா என்று தெரிந்துகொள்ள எங்களிடம் இருந்த அளவுகோல் அது ஒன்றுதான்.

எங்களுக்குக் கிடைத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் தேக்காவில் காய்கறி வாங்கிக்கொண்டு, மாமாவுக்குக் குழைய வடித்த சோறும் ரசமும் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு போவோம். ஒவ்வொரு ஞாயிறும் நெற்றியில் மூன்று கோடு. சுத்தமான சட்டை. அம்மா கட்டிலுக்கு வரும் முன்பே தூரத்திலிருந்து நெற்றியைப் பார்த்துவிடுவார். பார்த்ததும் அவர் நடையே மாறும்.

பக்கத்துக் கட்டிலில் தமிழ் முஸ்லிம் பெரியவர் ஒருவர் இருந்தார். நாங்கள் அவரைப் பாய் என்றுதான் கூப்பிடுவோம். வாய் ஓயாது. ஒருநாள் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். "தம்பி, உங்க மாமா ஞாயித்துக்கெழம மட்டுந்தான்டா பக்தரு. மத்த நாளெல்லாம் என்னய மாதிரிதான்." நாங்கள் சிரித்தோம். அம்மாவும் விடவில்லை. "உங்களுக்கும் பூசி விடவா பாய்?" "பூசும்மா, பூசு. அந்தச் சாக்குலயாவது ஒருத்தரு என் மூஞ்சியத் தொடப்பாங்க." இன்னும் அதிகமாகச் சிரித்தோம். மாமா சிரிக்கவில்லை. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் சிமிட்டவே இல்லை.

அதற்குப் பிறகுதான் அவர் துடைக்க ஆரம்பித்தார். அம்மா ரசச் சோற்றை ஊட்டிக்கொண்டிருக்கும்போது இடது கை மெல்ல மேலே எழும்பும். நெற்றிக்குப் போகும். விபூதியைப் புறங்கையால் அழுத்தித் தேய்க்கும். சாம்பல் புருவத்தில் உதிரும், கண்ணில் விழும், அப்போதும் விடமாட்டார். அம்மா பதறிப் போவார். சாமி கும்பிட்ட மனிதர் விபூதியை அழிக்கிறார், அதுவும் இடது கையால். டப்பாவை எடுத்து மறுபடியும் பூசுவார். அவர் மறுபடியும் துடைப்பார். தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வரும், சொல்லாக மாறாது. "புத்தி தடுமாறிப் போச்சுடா எங்கண்ணனுக்கு" என்று அம்மா தாழ்வாரத்தில் நின்று அழுதார். அங்கே பொறுப்பில் இருந்த பெரிய தாதியிடம் கேட்டோம். இந்த நோயில் இப்படிக் குழம்புவது சகஜம் என்றார். அம்மா, "கண்ணுல கிண்ணுல குத்திக்கப் போறாரு, கையக் கொஞ்சம் பாத்துக்குங்க" என்று கேட்டுக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு போனபோது மாமாவின் இடது கையில் வெள்ளை உறை மாட்டியிருந்தது. குத்துச்சண்டைக்காரர்கள் போடுவதுபோல் உப்பலாக, மணிக்கட்டில் பட்டை சுற்றி. உள்ளே விரல்கள் இருப்பதே தெரியவில்லை. நெற்றியில் மூன்று கோடும் கலையாமல் இருந்தது. அம்மாவுக்கு நிம்மதி. மாமா தலையைத் திருப்பி நெற்றியைத் தலையணையில் உரசிக்கொண்டிருந்தார். பக்கத்துக் கட்டிலில் பாய் இல்லை. மெத்தையைச் சுருட்டி வைத்திருந்தார்கள். எங்கே என்று கேட்டதற்கு யாரும் நின்று பதில் சொல்லவில்லை.

பாய் சொன்ன வேடிக்கை அந்த வாரம் முழுக்க என் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. புதன்கிழமை அந்தப் பக்கம் ஒரு வீட்டில் ஏர்கான் வேலை. அவர்கள் கடைசி நேரத்தில் வேண்டாம் என்றுவிட்டார்கள். வேலைச் சட்டையோடேயே தாதிமை இல்லத்துக்குப் போனேன்.

வாசலில் மீன் தொட்டி அப்படியே இருந்தது. மேலே லிஃப்ட் கதவு திறந்ததும் வாசம் முகத்தில் அடித்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வாசத்தை நாங்கள் முகர்ந்ததே இல்லை. மாமா மல்லாந்து கிடந்தார். முகத்தில் முள்ளுமுள்ளாகத் தாடி, தலைமுடி பிசுபிசுவென்று ஒட்டியிருந்தது. நெற்றியில் ஒன்றுமே இல்லை. என்னைப் பார்த்தார். நான் வந்திருப்பதை நம்பாதவர்போலக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு உறை மாட்டிய கையைத் தூக்கி நெற்றியைத் துடைத்தார். மறுபடியும் துடைத்தார்.

அங்கே துடைக்க எதுவும் இல்லை. வெறும் நெற்றி. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவருக்குப் புத்தி தடுமாறவில்லை. ஒரு கைதான் மிச்சம், அதை வைத்து ஒவ்வொரு ஞாயிறும் எங்களிடம் பேசிக்கொண்டிருந்தார். குளிக்காத நெற்றி, குளிக்காத நெற்றி என்று.

அந்த அக்கா வண்டி தள்ளிக்கொண்டு வந்தார். என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"அக்கா, மாமா இன்னிக்குக் குளிச்சாச்சா?"

"இன்னிக்கு நீங்க வர்ற நாள் இல்லையே தம்பி."

அவர் அதைக் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. அவர் கண்ணே குழிவிழுந்து கிடந்தது. "தூக்கி உக்கார வைக்க ரெண்டு பேரு வேணும் தம்பி. இந்தப் பக்கம் பூரா நான் ஒருத்திதான். முடிஞ்ச அன்னிக்குத் தொடச்சு விடுவேன். அம்மா அவ்வளவு ஆசயா டப்பாவக் குடுத்தாங்களா, அதான் நீங்க வர்றதுக்கு முன்னாடி மட்டும் எப்படியாவது பூசிவிட்டுருவேன். அம்மா மொகத்தப் பாத்தா எனக்கே சந்தோஷமா இருக்கும்."

"தினமும் திருப்பிப் படுக்க வைக்கிறீங்களா அக்கா?"

அவர் வண்டியை விட்டுவிட்டுக் கட்டிலுக்கு வந்தார். நான் மாமாவின் தோளைப் பிடித்தேன், அக்கா இடுப்பைப் பிடித்தார். இருவருமாகத் திருப்பினோம். முதுகுக்குக் கீழே இருந்ததை நான் எழுதப்போவதில்லை. அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். நான் அழவில்லை. மாமாவின் கையிலிருந்த உறையை அவிழ்த்து எறிந்தேன். உள்ளே விரல்கள் சுருண்டு, நகம் உள்ளங்கையில் பதிந்திருந்தது.

அன்றே ஆம்புலன்ஸ் வந்தது. கட்டில் பக்கத்தில் இருந்த நீல டப்பாவை எடுத்து என் பையில் போட்டுக்கொண்டேன். படுக்கைப் புண்ணிலிருந்து விஷம் ரத்தத்தில் கலந்துவிட்டது என்று மருத்துவமனையில் சொன்னார்கள். மருந்து ஏற்றிப் பார்க்கிறோம் என்றார்கள். அம்மா மருத்துவரிடம் கேட்டதெல்லாம், "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிரலாமா?" என்பதுதான். கொஞ்சம் தேறட்டும் என்றார் அவர். அவர் பார்வை எங்கள் மேல் நிற்கவில்லை. தாழ்வாரத்து நாற்காலியில் அம்மா தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "கையப் பாத்துக்குங்கன்னு நாந்தானடா சொன்னேன்."

மருத்துவமனையில் ஒரு மலாய்த் தாதி இருந்தார். மாமாவை நானே குளிப்பாட்டலாமா என்று கேட்டேன். அவர் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "கேன், பட் ஸ்லோலி ஆ" என்றார். தொட்டியில் வெந்நீர் கொண்டுவந்து கொடுத்து, கூடவே நின்று சொல்லிக்கொடுத்தார். புண் பக்கத்தை அவர் பார்த்துக்கொண்டார். மற்றதை நான் செய்தேன். முகம், காதுக்குப் பின்னால், கழுத்து மடிப்பு, விரல் இடுக்குகள். தலையைத் தாதி தாங்கிப் பிடிக்க, முடியை அலசினேன். தண்ணீர் சாம்பல் நிறமாக மாறியது. வேறு தண்ணீர் ஊற்றினோம். மாமா கண்ணை மூடிக்கொண்டார். வாய் லேசாகத் திறந்திருந்தது. ஓட்டம் முடித்து டிப்போக் குளியலறையிலிருந்து வெளியே வரும்போது அவர் முகம் இப்படித்தான் இருக்கும்.

துவட்டி முடித்துச் சட்டை மாட்டிவிட்டு டப்பாவைத் திறந்தேன். புதினா வாசம் வந்ததும் கண்ணைத் திறந்தார். "மாமா, நாந்தான் குளிப்பாட்டுனேன். பாத்தீங்கல்ல? வெந்நி. நல்லாவே குளிச்சிட்டீங்க." மூன்று விரலில் எடுத்து நெற்றியில் இழுத்தேன். இடது கை எழும்பியது. அம்மா, "வேணாண்ணே" என்று எட்டிப் பிடிக்கப் போனார். நான் தடுத்தேன். அந்தக் கை மெல்ல நெற்றிக்குப் போனது. கொஞ்ச நேரம் விபூதி மேல் அப்படியே இருந்தது. துடைக்கவில்லை. பிறகு இறங்கி வந்து என் மணிக்கட்டில் விழுந்தது.

மாமா வீட்டுக்கு வரவில்லை. அந்த வாரம் முடிவதற்குள் போய்விட்டார். எங்கள் அடுக்குமாடி வீட்டின் கீழ்த்தளத்தில் வைத்துக் காரியமெல்லாம் செய்தோம்.

தாதிமை இல்லத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். விசாரிக்கிறோம் என்கிறார்கள். அந்த அக்கா இன்னும் அங்கேதான் ஒற்றை ஆளாக வண்டி தள்ளுகிறாரா, பாய் கட்டிலில் இப்போது யார் படுத்திருக்கிறார், எனக்குத் தெரியாது. நான் ஏணி மேல் நிற்கும் வீடுகளில் சில பேர், அப்பாவை எங்கே சேர்க்கலாம், இடம் எப்படிப் பார்ப்பது என்று பேசிக்கொள்வது காதில் விழும். அப்போது எனக்குக் கை ஓடாது. இறங்கி வந்து சொல்லிவிடுவேன். நீங்கள் வழக்கமாகப் போகாத நாளில் போங்கள். மீன் தொட்டியைப் பார்க்காதீர்கள். போர்வையை விலக்கி முதுகைப் பாருங்கள். அவர் கை எதையாவது செய்துகொண்டே இருந்தால், அதைக் கட்டச் சொல்லாதீர்கள்.

இன்று காலை குளித்துவிட்டு இந்த நீல டப்பாவைத் திறந்தேன். அடியில் கொஞ்சம்தான் மிச்சம். என் நெற்றியில் பூசும்போது இடது கை தானாக மேலே எழும்பியது. அதைக் கீழே இறக்க எனக்கு நேரமானது.

இதைப் படிக்கிறவர்கள் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் சரி. நாளைக்கு உங்கள் வீட்டுக் குளியலறையில் வெந்நீர் தலையில் விழும்போது, ஒரு பழைய பேருந்து ஓட்டுநரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் இப்போது இருக்கும் இடத்தில் தினமும் குளிக்கக் கிடைக்க வேண்டும் என்று என் மாமாவுக்காக வேண்டிக்கொள்ளுங்கள். பாய்க்காகவும்.