நாலு விரல்

வலது கை டயருக்கும் அதன் மேலிருந்த தகட்டு வளைவுக்கும் நடுவே நுழைந்தது. நான்கு விரல்களும் ஒன்றன்மேல் ஒன்றாக, இடம் மிச்சமில்லாமல் நின்றன. கூடவே கட்டைவிரலையும் நுழைக்கப் பார்த்தது கை, முடியவில்லை. வெளியே வந்து அடுத்த சக்கரத்துக்குப் போனது. அங்கும் நான்கு. நான்கு சக்கரத்திலும் நான்கு. இடது கை சும்மா இருந்தது. அதன் நடுவிரல் முன்பொரு லாரியின் பட்டை ஸ்பிரிங்குக்கு அடியில் போய், மற்ற விரல்களைவிடத் தடித்துத் திரும்பி வந்திருந்தது. அளவெடுக்க ஆகாது.

கைகளுக்குச் சொந்தக்காரர் ரசலையன். புதுக்கடைச் சந்திப்புக்கு மேற்கே, வாழைக்குலை மண்டியை ஒட்டி அவருடைய பட்டறை. ஆயுளில் பாதியை வண்டிகளை உயர்த்துவதில் செலவழித்தவர். குலை ஏற்றினால் வண்டி அமுங்குகிறது என்பார்கள். பட்டை கூட்டிக் கொடுப்பார். பிறகு வளைகுடாவிலிருந்து பையன்கள் வந்து, காரை இறக்கித் தரச் சொன்னார்கள். முதலில் வந்தவனிடம், "கெட்டுப்போனா தன்னால எறங்கும், கொஞ்சம் பொறு" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அதன்பின் தனியே உட்கார்ந்து யோசித்தார். பழைய கார் ஒன்றை வாங்கி அதன் சுருள் ஸ்பிரிங்கை அறுத்தார். கார் இறங்கியது, ஆனால் குழிக்குக் குழி ஆடுபோலத் துள்ளியது. ஸ்பிரிங் குட்டையானால் ஷாக் அப்சார்பரும் குட்டையாக வேண்டும் என்று கார் சொல்லிக்கொடுத்தது. பெரிய வண்டிகளை இறக்கினால் பின் அச்சு ஒரு பக்கமாக ஒதுங்கும், அதைப் பிடித்திருக்கும் குறுக்குத் தண்டின் நீளத்தைத் திருத்த வேண்டும் என்பதையும் இன்னொரு கார் சொல்லிக்கொடுத்தது. அந்தக் கார்காரரிடம் ரசலையன் சிறிது காலம் பேசாமல் இருந்தார், அவரும் பேசவில்லை.

பையன்களிடமிருந்து அவர் எடுத்துக்கொண்டது ஒரு கணக்குதான். டயருக்கு மேலே எத்தனை விரல் இடைவெளி நிற்க வேண்டும் என்று சொல்வார்கள். ரெண்டு விரல் என்றால் ரெண்டு விரல். பட்டறையில் வேறு அளவு கிடையாது.

அப்படியிருக்கும்போதுதான் ஜான்ரோஸ் ஏழு பேர் ஏறுகிற தன் பெரிய வண்டியோடு வந்தார். பஹ்ரைனிலிருந்து ஓய்வுபெற்று வந்தவுடன் வாங்கியது. வாங்கியபின் அவர் மனைவி லீலாபாய்க்கு நெய்யூர் ஆஸ்பத்திரியில் இடுப்பு மூட்டு மாற்றினார்கள். நன்றாகவே மாற்றியிருந்தார்கள். காலை உயர்த்திப் படி ஏறக் கூடாது; முதுகு காட்டி நின்று, சீட்டில் உட்கார்ந்து, பிறகு கால்களை உள்ளே திருப்ப வேண்டும். சீட்டு எட்டவில்லை. முக்காலி போட்டுப் பின்பக்கமாக ஏறவும் முடியாது. திங்கட்கிழமை மகள் ஷைஜாவுக்குக் கல்யாணம்.

"பெண்ணுக்க அம்ம ஆட்டோவுல வருவேன்னு நிக்கியா மேசிரி. வண்டி முன்ன போவும், இவ பொறத்தால ஆட்டோவுல வருவா. எனக்க கெதி என்னாவும்?" என்றார் ஜான்ரோஸ். மனைவியைக் கார்க் கதவருகே நிற்கவைத்து அவரே அளந்திருந்தார். "நாலு விரல். அவ்வளவுதான் வேணும்."

"நாலு விரல்" என்று ரசலையன் திருப்பிச் சொன்னார். அதோடு பேச்சு முடிந்தது.

வேலை முடிந்த அன்று லீலாபாயைக் கூட்டி வந்தார்கள். ஆட்டோவில்தான். மகன் ஸ்டெனி கதவைத் திறந்தான். லீலாபாய் ஊன்றுகோலோடு முதுகைக் காட்டி நின்று, பையப் பின்னுக்கு நகர்ந்தாள். சீட்டு முட்டியது. உட்காரப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்துவிட்டாள்.

"இப்பமும் பொக்கம்தான், எட்டல்ல."

ஜான்ரோஸ் ரசலையனைப் பார்த்தார். "மேசிரி, நாலு விரல்ணு சொன்னேனே?"

"நாலுதான் அண்ணே. கைய விட்டுப் பாரும்."

"எங்க விட?"

"டயருக்கு மேல."

"டயருக்கு மேல எத்தன விரல் இருந்தா எனக்கென்னவே? நாலு விரல் எறங்கணும்ணு அல்லவா சொன்னேன்!"

"நாலு விரல் நிக்கணும்ணுல்லா நான் கேட்டேன்."

மண்டியில் குலை எண்ணிக்கொண்டிருந்த முருகதாஸ் எண்ணுவதை நிறுத்தினார். "ரெண்டு பேரும் நாலுன்னுதான் சொல்லுதிய. பெறவு எதுக்கு சண்ட?"

முன்பு இருந்தது ஆறு விரல். நாலு நிற்கிறது என்றால் இறங்கியது ரெண்டு. ரசலையன் இதை மனதுக்குள் இரண்டு முறை கழித்துப் பார்த்தார். விடை மாறவில்லை.

"அம்மாவ நாங்க தூக்கி வெச்சிருவோம்" என்றான் ஸ்டெனி.

"சாவும்போ தூக்குலே. அது வரைக்கும் ஆட்டோ உண்டு" என்றாள் லீலாபாய்.

ரசலையன் அன்றே ஜான்ரோஸ் வீட்டுக்குப் போனார். வாசலில் கால்வாயின்மேல் ஒரு சிமென்ட் பாலம், நடுவில் முதுகு தூக்கியபடி. வண்டியில் ஏழு பேரை ஏற்றிப் பாலத்தின் மேல் நிறுத்தச் சொல்லி, கால்வாய்க் கரையில் படுத்து, வண்டியின் அடிக்கும் பாலத்துக்கும் நடுவே கையை விட்டார். ரெண்டு விரல் போயிற்று. இன்னும் ஒரு விரல் இறக்கலாம். இரண்டும் இறக்கினால் கல்யாணத்தன்று வண்டி பாலத்திலேயே நின்றுவிடும். அந்த ஒன்றையும் ஸ்பிரிங்கில் எடுத்தால் குழியில் டயர் மேல் தகட்டில் அடிக்கும். டயரில்தான் எடுக்க வேண்டும்.

ஸ்டெனி அதற்குத்தான் காத்திருந்தான். போனில் படம் காட்டினான். "மாமா, இருபத்திரண்டு இஞ்சு வீலு. போட்டோவுக்கு கெத்தா இருக்கும்."

"இருக்கும் மக்கா. ரிம்மு பெருசாவும், ரப்பரு சிறுசாவும், வெளிவட்டம் அப்படியே நிக்கும். வண்டி ஒரு நூலு எறங்காது. நம்ம ரோட்டுல ரிம்மு சப்பி நெளியவும் செய்யும்."

"அப்பம்?"

"ரிம்மு பழைய பதினெட்டே கெடக்கட்டு. ரப்பரு மட்டும் கொறையணும். டயரு ரெண்டு விரல் சிறுத்தா வண்டி ஒரு விரல் எறங்கும். மத்த விரல் அச்சுக்கு மேல இருக்குத டயருக்க பாதியில போயிரும்."

வடசேரியிலிருந்து டயர் வந்தது. பக்கவாட்டில் எழுதியிருந்த எடை எண்ணைப் படித்துவிட்டு, இது சிறு காருக்கு உள்ளது என்று திருப்பி அனுப்பினார். மறுபடி வந்தவை இந்த வண்டியின் எடையைத் தாங்குபவை. மாட்டிமுடித்து, சக்கரங்களின் நேர் பார்த்து, பழக்கத்தின்படி டயருக்கு மேலே கையை விட்டார். ஐந்து விரல் நுழைந்தது.

ஸ்டெனி சுற்றிச் சுற்றி வந்தான். "மாமா, இது எறங்கிச்சா, ஏறிச்சா?"

"வண்டி எறங்கிச்சு. டயரு அதவிட எறங்கிச்சு."

மறுபடி ஆட்டோவில் வந்த லீலாபாய் கதவருகே முதுகு காட்டி நின்றாள். ஜான்ரோஸ் வானத்தைப் பார்த்தார். இன்னும் ஒரு விரல் பற்றவில்லை. சீட்டின் விளிம்பு அவளைத் தாங்கியது, ஆனால் ஏற்றுக்கொள்ளவில்லை. ரசலையன் குனிந்து வண்டியைப் பார்த்தார். அதில் எடுக்க இனி ஒன்றுமில்லை. பார்வை அப்படியே தரையில் நகர்ந்து லீலாபாயின் காலில் நின்றது. தேய்ந்த ரப்பர் செருப்பு, அப்பளம் கனத்துக்கு.

"அக்கா, கல்யாணத்துக்கும் இதுதானா?"

"சீ! அதுக்கு வாற வழியில புதுசு எடுத்திருக்கு. ஆட்டோவுல பெட்டியோட கெடக்கு."

ஸ்டெனி எடுத்து வந்தான். குதிகால் இல்லாமல், அடி முழுக்க ஒரே கனம். ரசலையன் அதைக் கவிழ்த்து, பழையதைப் பக்கத்தில் வைத்து, இடையில் விரலை வைத்தார். ஒன்று.

லீலாபாய் புதுச் செருப்போடு நின்றாள். பின்னுக்கு நகர்ந்தாள். உட்கார்ந்தாள். ஒவ்வொரு காலாக உள்ளே திருப்பினாள். சேலையைச் சரிசெய்துகொண்டாள். எதிரே கண்ணாடி வழியாக வாழைக்குலை மண்டியைப் பார்த்தாள். மண்டி வழக்கம்போல் இருந்தது.

"கொள்ளாம், நல்லாருக்கு" என்றாள்.

ரசலையன் சாவியை ஜான்ரோஸிடம் நீட்டினார். "அண்ணே, டயரு சிறுசானதால மீட்டரு கொஞ்சம் கூட்டிக் காட்டும். அறுபதுன்னு காட்டுனா நீரு அறுபதுல போவல."

"சாவிய இங்க தாரும்" என்று உள்ளிருந்து ஒரு கை நீண்டது. "நான் சொல்லாம வண்டி எங்கயும் போவாது."

ரசலையன் சாவியை அந்தக் கையில் வைத்தார்.