குழி தோண்டியதற்கு ஒரு பேட்ஜ்

திங்கட்கிழமை காலையில் எங்கள் மேனேஜர் ஹெலன் மார்பின் குறுக்கே ஒரு பச்சை நாடாவைப் போட்டுக்கொண்டு வேலைக்கு வருவார். பள்ளிக்கூடத்துச் சாரணர் பிள்ளைகள் போடுவார்களே, அந்த மாதிரி. அதில் வட்ட வட்டமாகத் துணிச் சின்னங்கள். ரொட்டி சுட்டதற்கு ஒன்று, காளான் இனம் கண்டதற்கு ஒன்று, பச்சைத் தண்ணீரில் குளித்ததற்கு ஒன்று. பேரப்பிள்ளை எடுத்த மனுஷி! இந்த இங்கிலாந்துச் சிற்றூரில் பெரியவர்களுக்கென்றே ஒரு சங்கம் இருக்கிறது. வார இறுதியில் கூடி ஏதாவது புதிதாகப் பழகுவார்கள். பழகியதற்கு ஒரு பேட்ஜ் வாங்கி நாடாவில் தைத்துக்கொள்வார்கள். முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலைக்கு வந்த புதிதில் இதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. இப்போது அருவருப்புத்தான் வருகிறது.

இலங்கையில், றக்வானைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில், மார்கழி விடியலில் பீலியில் கொட்டும் மலைத் தண்ணீரில் குளித்துவிட்டு நடுங்கிக்கொண்டே கொழுந்தெடுக்க ஓடாத பெண் உண்டா? அந்தக் கணக்கில் பேட்ஜ் கொடுத்தால் எங்கள் லயத்துப் பெண்களுக்கு அதைத் தைக்க உடம்பில் இடம் போதாது. ஒருநாள் வாய் சும்மா இருக்காமல் ஹெலனிடம் இதைச் சொல்லிவிட்டேன். "ஓ, லவ்லி! எத்தனை வருஷமாகச் செய்கிறாய், மேகி?" என்று கேட்டார். மகேஸ்வரி என்ற பெயர் அவர் வாயில் நுழையாது. பிறந்ததிலிருந்து என்றேன். "பிரில்லியண்ட்! நீ எங்கள் சங்கத்தில் சேர வேண்டியவள்." சுடுதண்ணீர் இல்லாததால் குளித்தோம் என்று விளக்கப் பார்த்தேன். அதுதான் உடம்புக்கு நல்லது என்று எனக்கே பாடம் எடுத்தார். மறுவாரமே என் பெயரையும் எழுதிவிட்டார், காட்டில் ஒருநாள் தங்கும் பயிற்சிக்கு. லீவு கொடுப்பது அவர் கையில். தங்கச்சி கலாவின் பிரசவத்துக்கு நான் ஊருக்குப் போக வேண்டும். சரி என்று தலையாட்டினேன்.

கலாவைப் பற்றிச் சொல்லாவிட்டால் என் எரிச்சல் யாருக்கும் விளங்காது. நாங்கள் பிறந்த அதே லயத்துக் காம்பராவில், வரிசை வீட்டின் ஒற்றை அறையில்தான், அவள் இன்னும் இருக்கிறாள். இப்போது நிறைமாதம். லயத்துக்குப் பொதுவாக இருந்த கக்கூஸ் போன மழையில் மண் சரிந்து பள்ளத்துக்குள் போய்விட்டது. நான் இங்கிருந்து காசு அனுப்பினேன். அவள் புருஷன் ரவி கொழும்பு ஹோட்டல் வேலைக்கு லீவு போட்டு வந்து, காம்பராவுக்குப் பின்னால் குழி தோண்டத் தொடங்கினான். இடுப்பளவு போவதற்குள் தோட்டத்துக் காவல்காரன் வந்து நிறுத்தினான். நிலம் தோட்டத்துக்குச் சொந்தம், தொரை உத்தரவு இல்லாமல் மண்வெட்டி போடக் கூடாதாம். தோண்டிய கையாலேயே மண்ணைப் போட்டு மூட வைத்துவிட்டான். உத்தரவு கேட்டு ஒப்பீசுக்குப் போனால், "பஸ்ஸே பலமு" என்று சிங்களத்தில் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். பிறகு பார்ப்போமாம். பிள்ளை வயிற்றுக்குள் காத்திருக்குமா?

ஆகவே கலா வெளிக்குப் போக, கல்லுப் படியில் இறங்கி ஓடைக்கரைக்குத்தான் போகிறாள். அட்டைக்கடி ஒரு பக்கம், குடித்துவிட்டு டோர்ச் அடித்துக்கொண்டு வருகிறவன்கள் ஒரு பக்கம். முன்பு பெண்கள் இருவராகத்தான் போவோம். ஒருத்தி உட்கார, மற்றவள் முதுகைக் காட்டிக்கொண்டு நின்று பேசிக்கொண்டே இருப்பாள். நிற்கிறவள் வாய் ஓயக் கூடாது. ஆள் இருக்கிறது என்று உட்கார்ந்தவளுக்கும் தெரிய வேண்டும், வழியில் வருகிறவனுக்கும் தெரிய வேண்டும். இப்போது பக்கத்துக் காம்பராப் பெண்கள் கார்மெண்ட் வேலைக்கு டவுனுக்குப் போய்விட்டார்கள். ரவி கொழும்புக்குத் திரும்பிவிட்டான், மாமியாருக்கு முழங்கால் மடங்காது. எனவே நான்தான் கலாவுக்குக் காவல் நிற்கிறேன், போனில். இங்கே மதியம் இரண்டு மணி தாண்டினால் அங்கே இருட்டுகிற நேரம். முதியோர் இல்லத்தின் பின்பக்கம் குப்பைத் தொட்டிகளுக்கு நடுவில் நின்று வாய்க்கு வந்ததைப் பேசுவேன். அவள் போனில் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொள்வாள். "சத்தமா பேசுக்கா, ஓடைத் தண்ணி இரைச்சல்ல கேக்க மாட்டேங்குது" என்பாள்.

பயிற்சி நாள் ஞாயிற்றுக்கிழமை. காட்டுக்குள் நுழைந்ததுமே எல்லோருடைய போனையும் ஒரு தகரப் பெட்டியில் வாங்கிப் போட்டார்கள். போன் இல்லாமல் ஒரு நாள் இருப்பதற்கும் பேட்ஜாம்! மதியம் எனக்குப் போன் வேண்டும் என்றேன். "எங்களுக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது, டியர்" என்று ஹெலன் என் தோளைத் தட்டினார். பெட்டியை மூடிவிட்டார்கள். அதை உடைக்க எனக்கு அப்போது தைரியம் வரவில்லை.

பிறகு தாடிக்காரப் பயிற்சியாளர் ஒருவர் சின்ன மண்வெட்டி ஒன்றைத் தூக்கிப் பிடித்தார். காட்டில் மலம் கழிப்பது எப்படி என்பதுதான் அன்றைய முக்கியப் பாடம். ஒரு சாண் ஆழம் தோண்ட வேண்டும், தண்ணீருக்குப் பக்கத்தில் கூடாது, முடிந்ததும் மண் போட்டு இலை பரப்ப வேண்டும். கோயில் காரியம் மாதிரி அதை விளக்கினார். வளர்ந்த மனிதர்கள் முகம் சிவக்கச் சிரித்துக் கைதட்டினார்கள். தாடிக்காரர் என் பக்கம் திரும்பி, "முதல் தடவையா? வெட்கப்படாதீர்கள், பழகிவிடும்" என்றார். சீ என்று ஆகிவிட்டது எனக்கு. இந்தக் கருமத்திலிருந்து தப்பத்தானே நான் கடல் தாண்டி வந்தேன்? இங்கே வாடகை அறைக்குள் நுழைந்த முதல் நாள் நான் பார்த்தது கட்டிலையோ ஜன்னலையோ அல்ல. கக்கூஸ் கதவின் தாழ்ப்பாளைத்தான் பூட்டித் திறந்து, பூட்டித் திறந்து பார்த்தேன். ஆனால் இவர்களுக்கு அது சலித்துவிட்டது. குழி தோண்டினால் இவர்களுக்குப் பேட்ஜ் கிடைக்கிறது. ரவி தோண்டினால் காவல்காரன் வருகிறான். சாப்பாட்டை என்னால் தொடவே முடியவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு ஹெலன் மண்வெட்டியோடு என்னிடம் வந்தார். "எனக்குக் கொஞ்சம் பயமாக இருக்கிறது, மேகி. கூட வந்து நிற்பாயா?" போனேன். அவர் முட்புதருக்குப் பின்னால் மறைந்தார். நான் முதுகைக் காட்டி நின்றேன். நின்றதும் வாய் தானாகப் பேசத் தொடங்கியது, அதுவும் தமிழில். மழை வருமா, கறிக்கு என்ன விலை என்று ஏதேதோ பேசினேன். அப்போதுதான் மரங்களுக்கு மேலே பார்த்தேன். பொழுது சாய்ந்திருந்தது. மூன்றரையாவது இருக்கும். அங்கே நன்றாக இருட்டி வெகுநேரம் ஆகியிருக்கும்.

ஒரே ஓட்டமாகப் போன் பெட்டி இருந்த கூடாரத்துக்கு ஓடினேன். பெட்டியைத் திறந்து போன்களைக் கிளறினேன். "அடடா, பேட்ஜ் போய்விடுமே!" என்றார் தாடிக்காரர். "கொண்டுபோய் உங்க தலையில தச்சுக்குங்க!" என்று தமிழிலேயே கத்தினேன். போனில் நான் எடுக்காத கலாவின் அழைப்புகள் வரிசையாக நின்றன. அதற்குள் காட்டுக்குள்ளிருந்து ஹெலன், "மேகி! எங்கே போனாய்? யாரோ நடக்கிற சத்தம் கேட்கிறது!" என்று அலறினார். போனைக் காதில் வைத்துக்கொண்டே பழைய இடத்துக்குத் திரும்பி ஓடினேன்.

"கலா! தனியா போனியாடி?"

"இல்லக்கா. இன்னும் போகல."

"இவ்வளவு நேரமாவா?"

"நீ இல்லாம எப்புடிப் போறது? கீழ எவனோ டோர்ச் அடிச்சிக்கிட்டுத் திரியிறான். அடக்கிக்கிட்டு வாசல்லயே ஒக்காந்திருக்கேன். அடிவயிறு கல்லா இருக்குக்கா, வலி தாங்கல." அவள் அழுதுகொண்டிருந்தாள். "இப்பப் போறேன். நீ பேசிக்கிட்டே இரு. நிக்கிறியா?"

"ஆர் யூ தேர், மேகி?" என்று புதருக்குள்ளிருந்து ஹெலன் கேட்டார்.

எனக்கு ஹெலன் மீது வந்த ஆத்திரத்துக்கு அந்த மண்வெட்டியைப் பிடுங்கி எறிந்திருப்பேன். ஆனால் முதுகைத்தான் காட்டி நின்றேன். தொண்டை கிழியக் கத்தினேன்.

"நிக்கிறேன்டி! இங்கதான் நிக்கிறேன்! நீ பயப்படாம போ!"

"தேங்க் யூ, டியர்" என்றார் ஹெலன்.

போனில் நான் பேசிக்கொண்டே இருந்தேன். அங்கே கலா மூச்சு வாங்கிக்கொண்டு கல்லுப் படியில் ஒவ்வொரு காலாக இறங்குகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.