மழைக்கோட்டுக்கு மேலே பட்டுச்சேலை

என் ஸ்டூடியோவுக்குள் நுழைகிறவர்களில் பெரும்பாலோர் கேட்கிற முதல் கேள்வி, "டாய்லெட் எங்கே?" என்பதுதான். சனி, ஞாயிறுகளில் மலைப்பாதையில் கார்கள் நெரிசலில் நகராமல் நிற்கும்போது, சாலையோரம் திறந்திருக்கும் ஒரே கதவு என்னுடையது. போன காரியம் முடிந்து திரும்பும்போது, ஒரு மரியாதைக்குச் சுவரைப் பார்ப்பார்கள். "நீங்களே வரைஞ்சதா?" என்பார்கள். இல்லை, தேயிலைச் செடிகள் ராத்திரியில் எழுந்து வந்து வரைந்தன என்று சொல்ல வாய்வரை வரும். அதற்குள் அடுத்த கேள்வி வந்துவிடும். "ஸ்ட்ராபெரி படம் இல்லையா?"

ஏன் இல்லை? எனக்குச் சோறு போடுவதே ஸ்ட்ராபெரிதான். கியா பார்ம் சந்தைக் கடைப்பலகைகளில் பல்லைக் காட்டிச் சிரிக்கிற ஸ்ட்ராபெரிகளில் பாதி என் கைவண்ணம். கண், புருவம், கன்னக்குழி எல்லாம் வைத்திருப்பேன். நான் கலைக்கல்லூரியில் படித்தது அந்தக் கன்னக்குழியை வைக்கத்தான் என்று வீட்டில் எல்லோரும் உறுதியாக நம்புகிறார்கள். இப்போதெல்லாம் எனக்கும் அந்தச் சந்தேகம் வந்துவிட்டது.

நான் ஸ்டூடியோ என்று சொல்வதைத் தேயிலைத் தோட்டத்தில் இன்னும் ஆயாக் கொட்டகை என்றுதான் சொல்கிறார்கள். கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார்கள் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போன இடம் அது. இப்போது தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் கைக்குழந்தைகளும் இல்லை, பார்த்துக்கொள்ள ஆயாவும் இல்லை. பூட்டிக் கிடந்த கட்டடத்தை மானேஜர் எனக்குக் கொடுத்தார். "கலைக்குத் தோட்டத்தோட ஆதரவு" என்று நாலு பேருக்குக் கேட்கும்படி சொன்னார். ஆதரவு என்றால், கூரை ஒழுகும் இடங்களில் என் சொந்த வாளிகளை நான் தாராளமாக வைத்துக்கொள்ளலாம் என்று பொருள்.

அக்ரிலிக்கில் வரைகிற என் கோலாலம்பூர் நண்பர்கள், தட்டில் பிழிந்த வண்ணம் தூரிகை தொடுவதற்குள் காய்ந்துபோகிறது என்று புலம்புவார்கள். அவர்கள் இங்கே வந்து ஒரு மாதம் இருக்க வேண்டும். பனி இறங்கிவிட்டால் காலையில் பூசியது மத்தியானமும் விரலில் ஒட்டும். அவசரப்பட்டு ஹேர் டிரையரைப் போட்டால் லயத்தில் பாதி வீடுகளுக்குக் கரண்ட் போய்விடும். டிவி நாடகம் பாதியில் நின்றுபோன பெண்களிடம் கலையின் மேன்மையைப் பற்றிப் பேசிப் பாருங்கள், தெரியும். அதனால் பொறுமையைக் கற்றுக்கொண்டேன். ஒரு பூச்சு, அது காயும்வரை ஒரு தேநீர், அப்புறம் அதன் மேல் இன்னொரு பூச்சு. நான் முடித்த படங்களைவிடக் குடித்த தேநீர்தான் அதிகம்.

இந்த நிலையில்தான் கோலாலம்பூரில் கேலரி நடத்துகிற ஓர் அம்மா என் படங்களைப் போனில் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். எனக்கென்று தனிக் கண்காட்சி வைக்கிறேன் என்றார். ஒரே நிபந்தனை, நடுச்சுவருக்குப் பெரிய படம் ஒன்று வேண்டும், அதில் மனிதர் இருக்க வேண்டும். அது சரியாக வராவிட்டால் கண்காட்சியே இல்லை. ஸ்ட்ராபெரியிலிருந்து எனக்கு விடுதலை கிடைப்பது அந்த ஒரு படத்தின் கையில் இருந்தது.

மனிதர் என்றதும் எனக்கு அண்ணிதான் ஞாபகம் வந்தாள். என் அண்ணனின் மனைவி. இந்தத் தோட்டத்தில் இன்னும் கொழுந்தெடுக்கிற மிச்சசொச்சத் தமிழர்களில் ஒருத்தி. வேலை முடிந்ததும் மழைக்கோட்டும் ரப்பர் பூட்ஸும் நனைந்த தலைத்துண்டுமாக நேரே வந்து நாற்காலியில் உட்காருவாள். உடம்பு அசையாது, வாய் ஓயாது.

"என்னா பாப்பா, மூஞ்சி இப்படிச் செவந்து கெடக்கு? யாரோ அடிச்சுப் போட்ட மாரி இருக்கேனே" என்றாள் முதல் நாள்.

"இது அடிப்பூச்சு அண்ணி. மேல மேல பூசிக்கிட்டே போவேன், கீழ உள்ளது மறைஞ்சிரும். அக்ரிலிக்ல அதான் வசதி. காஞ்சிருச்சுன்னா அதுக்கு மேல என்னா வேணாலும் போடலாம்" என்றேன்.

என் வாழ்க்கையில் நான் சொன்னதை ஒருவர் முழுமனதாகக் கேட்டு நம்பியது அன்றைக்குத்தான். அதன் பலன் சில வாரம் கழித்துத் தெரிந்தது. முகம் முடிந்து, மழைக்கோட்டின் மடிப்புகளில் தண்ணீர் பளபளப்பதைக் கொண்டுவந்துவிட்டேன் என்று நான் எனக்கே முதுகில் தட்டிக்கொண்டிருந்த சாயங்காலம், அண்ணி ஒரு துணிப்பையோடு வந்தாள். உள்ளே அரக்கு நிறத்தில் பச்சைக்கரை போட்ட பட்டுச்சேலை. மகள் கல்யாணத்துக்கு எடுத்தது.

"கலரு சரியாப் பாத்துக்க" என்றாள். "கோட்டு நல்லாக் காஞ்சிருச்சுலா. இன்னைக்கு ஆரம்பிச்சிரலாமா?"

எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் பிடித்தது. மழைக்கோட்டை அவள் அடிப்பூச்சு என்று நினைத்திருக்கிறாள். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டு அப்புறம் பெயிண்ட் அடிப்பது போல, முதலில் கோட்டு, கடைசியில் பட்டு. லயம் முழுக்க அப்படித்தான் சொல்லியும் வைத்திருக்கிறாள்.

"அண்ணி, கோட்டுதான் படமே. உழைப்போட அழகு அதுலதான் இருக்கு" என்று கல்லூரியில் மனப்பாடம் செய்ததை ஒப்பித்தேன்.

"அந்த அழகத்தான் தெனம் மழையில பாக்குறேனே. அதச் செவுத்துல வேற மாட்டணுமா?" என்றாள். "கல்யாண போட்டோவுக்கு எவனாச்சும் பூட்ஸ் போட்டுக்கிட்டு வந்து நிப்பானா? சொல்லு பாப்பா."

சரி, சேலை போட்டுத் தருகிறேன் என்றேன். நிஜமாகவே அந்த அரக்கைக் கலந்து பார்க்க எனக்கும் ஆசை வந்துவிட்டது.

கலக்குவதற்குள் கேலரி அம்மா வந்துவிட்டார். கம்போங் ராஜா வழியாக வந்தால் சீக்கிரம் என்று யாரோ சொல்ல, திரிங்காப்பில் காய்கறி லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து, டாய்லெட் எங்கே என்று கேட்டுக்கொண்டே உள்ளே நுழைந்தார். படத்தைப் பார்த்ததும் கேள்வியை மறந்து நெஞ்சில் கை வைத்தார்.

"தொடாதீங்க! இனிமே ஒரு புள்ளிகூட வைக்காதீங்க. முடிஞ்சிருச்சு" என்றார். கண் கலங்கியிருந்தது. அங்கேயே பெயரும் வைத்தார். 'வலி'. அண்ணிக்கு முழங்கால் வலி உண்டுதான், ஆனால் அதை நான் வரையவில்லை. இந்தப் படம் இப்படியே வந்தால்தான் கண்காட்சி என்று சொல்லி, வேனில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். பெற்ற பிள்ளைக்குப் பெயர் வைக்கக்கூட என்னைக் கேட்காதவரிடம் நான் நன்றி சொல்லி வழியனுப்பினேன்.

அண்ணியிடம் விஷயத்தைச் சொன்னபோது அவள் கோபிக்கவில்லை. சேலையை மடிப்புக் கலையாமல் பைக்குள் வைத்தாள். "அவுங்க படிச்சவுங்க, அவுங்களுக்குத் தெரியும். படத்துல இல்லாட்டி என்னா, நான் நேர்ல கட்டிக்கிட்டு வாரேன்" என்றாள்.

சொன்னபடியே வந்தாள். கண்காட்சி திறந்த அன்று, அந்தக் குளிர்சாதன அறையில் எல்லோரும் துக்க வீட்டுக்கு வந்தவர்கள் போலக் கறுப்பில் நிற்க, அரக்குப் பட்டும் மல்லிகையும் கழுத்து நிறைய நகையுமாக அண்ணி மட்டும் கல்யாண மண்டபத்து வாசலில் பெண்ணின் அம்மா நிற்பது போல நின்றாள். தன் படத்துக்குப் பக்கத்தில் நின்று வருகிறவர்களை எல்லாம், "வாங்க வாங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். அவர்கள் அவளைக் கவனிக்கவில்லை. அவளைத் தாண்டி அவள் படத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள்.

கோட்டு போட்ட பெரியவர் ஒருவர் படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார். சாப்பாட்டு அறையில் மாட்ட வாங்கிக்கொள்வதாகக் கேலரி அம்மாவிடம் சொன்னார். எந்தத் துக்கமும் சோற்றோடு உள்ளே போனால் எளிதில் செரிக்கும் போலிருக்கிறது. பிறகு என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, "இந்த அம்மா இன்னும் உயிரோட இருக்காங்களா?" என்று கேட்டார்.

"நல்லா இருக்கேன்லா" என்றாள் அண்ணி.

பெரியவர் அவளைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். ஏதோ வேடிக்கையைக் கேட்டவர் போலச் சிரித்துவிட்டுப் போனை எடுத்தார். "கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா. போட்டோவுல நீங்க விழுறீங்க."

கொழுந்து நிறுவையில் கிலோவைக் குறைத்த மேற்பார்வை மண்டோரை, மறுபடி நிறுக்கும்வரை தராசுப் பக்கத்திலிருந்து ஓர் அடி நகராமல் நின்று ஜெயித்தவள் என் அண்ணி. அன்று நகர்ந்தாள். முந்தானை படத்தில் பட்டுவிடாமல் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, மன்னிப்புக் கேட்கிறவள் போலச் சுவரோரம் ஒதுங்கினாள். அந்தப் பெரியவர் மேல் வந்த கோபத்தைவிட, கண்ணீரைத் தயாராக வைத்துக்கொண்டு அங்கே நின்ற எல்லோர் மேலும், என் மேலும் வந்த கோபம் பெரிது.

அண்ணியின் தோளைப் பிடித்து அழைத்து வந்து, படத்துக்கு நேர் முன்னால் நிறுத்தினேன். "இப்ப எடுங்க சார்" என்றேன்.

அவர் போனை உயர்த்தினார். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்ந்து பார்த்தார். இறக்கிவிட்டார். "இவங்க படத்தை மறைக்கிறாங்களே" என்றார்.

விற்றுவிட்டது என்பதற்கான சிவப்புப் பொட்டோடு கேலரி அம்மா வந்தார். நான் அவர் கையை நடுவழியில் பிடித்துக்கொண்டேன். அவர், இந்தப் படத்தை விற்பனையிலிருந்து எடுத்தால் இனி இந்தச் சுவர் உங்களுக்கு இல்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். கியா பார்மில் இன்னும் எத்தனை கடைகளுக்குப் பலகை எழுத வேண்டியிருக்கும் என்று ஒரு நொடி நினைத்துப் பார்த்தேன்.

"விக்க முடியாதுங்க" என்றேன். "படம் இன்னும் முடியல. சேலை கட்டணும்."