என் நீச்சலின் ஒரே ரசிகர்

மனிதன் நீந்தும்போது தண்ணீர் என்ன பாடுபடுகிறது என்று ஆராயும் ஒருவரை, லண்டன் கோலியர்ஸ் வுட்டில் ஒரு நீச்சல் குளத்தில் சந்தித்தேன். சப்பாத்தின்மேல் நீலப் பிளாஸ்டிக் உறை, கையில் ஒரு கமரா. நீராவி படிந்த கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டே இருப்பார். தண்ணீரில் ஒரு விரலைக்கூட நனைக்க மாட்டார்.

வேகமாக நீந்தும் இளைஞர்களை விட்டுவிட்டு, அப்போதுதான் நீச்சல் பழகத் தொடங்கியிருந்த என்னிடம் வந்தார்.

"நல்லா நீந்துறவைக்குத் தண்ணி பெரிசாக் கலங்காது, அண்ணை. எனக்கு நீங்கள்தான் வேணும்."

அறிவியலுக்காக இறங்கினேன். பாதி தூரத்தில் மூக்கால் தண்ணீர் குடித்து, தத்தளித்து, எப்படியோ விளிம்பைப் பிடித்தேன். அவர் கமராத் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அருமையான சுழி, அண்ணை! இன்னொருக்கா ஏலுமே?"

லண்டனுக்கு வந்ததிலிருந்து நான் செய்த எதையும் யாரும் இன்னொரு முறை கேட்டதில்லை. இருமி முடித்ததும் மறுபடி இறங்கினேன்.