இரண்டு வயரும் மூன்று வயரும்

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். பஸ் போர்டு வாசிப்பேன். கையெழுத்துப் போடுவேன், ஒரு நாளும் கைநாட்டு வைத்ததில்லை. மில்லில் நூல் சுற்றும் பகுதியில் இருபத்தேழு வருசம் நின்றவள் நான். அத்தனை வருசத்தில் என் கையால் ஒரு கோளாறு நடந்தது என்று எந்த சூப்பர்வைசரும் சொன்னதில்லை. இதை ராஜபாளையத்தில் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேனோ தெரியாது. இப்போது சொல்வதில்லை. ஏன் என்பதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். மெதுவாகத்தான் எழுதுவேன்.

மகளை ஸ்ரீவில்லிபுத்தூரில் கட்டிக்கொடுத்தேன். மாப்பிள்ளை மிக்சி, பேன், எமர்ஜென்சி லைட்டு ரிப்பேர் பார்க்கும் கடை வைத்திருக்கிறார். தங்கமான மனுசர். ஆனால் அவருக்கு ஒரு கிறுக்கு உண்டு. ரிமோட்டில் ஓடும் கார் ஒன்று வைத்திருந்தார். முழங்கையைவிடக் கொஞ்சம் நீளம், நாலு சக்கரமும் முள்ளுமுள்ளாக இருக்கும். அதற்கு ‘பக்கி’ என்று பெயராம். நம் ஊரில் பக்கி என்றால் தின்ன அலைகிற ஆள் என்று அர்த்தம் அல்லவா? என் மகள் அதை விடமாட்டாள்.

“எங்க வீட்டுல ரெண்டு பக்கிம்மா. ஒண்ணு எண்ணெ குடிக்கும், இன்னொண்ணு காப்பி குடிக்கும்” என்பாள், அவர் காதில் விழும்படியாகவே.

அது உண்மையிலேயே எண்ணெய் குடிக்கிற வண்டிதான். நைட்ரோ என்று ஒரு எண்ணெய். கயிற்றை இழுத்துக் கிளப்பினால் ஆயிரம் வண்டு ஒன்றாகக் கத்துகிற மாதிரி இருக்கும். புகையில் விளக்கெண்ணெய் வாடை அடிக்கும். வறண்ட கண்மாய்க்குள் கொண்டுபோய் ஓட்டுவார். ஆடு மேய்க்கிறவர்கள் வைவார்கள். சட்டையைத் துவைக்கமாட்டேன் என்று மகளும் ஒரு நாள் வாளியைத் தூக்கி வைத்துவிட்டாள். அந்த எண்ணெயும் நினைத்தபோது கிடைப்பதில்லை. கடைசியில் அதை பேட்டரியில் ஓடும் வண்டியாக மாற்றப் போகிறேன் என்றார்.

நான் வெள்ளிக்கிழமைதோறும் ஸ்ரீவில்லிபுத்தூர் போவேன். கோயிலுக்குப் போய்விட்டு, கடையில் செத்த நேரம் உட்கார்ந்துவிட்டு, மகள் வீட்டில் சாப்பிட்டுத் திரும்புவேன். கடையில் எனக்கென்று ஒரு ஸ்டூல் உண்டு. அங்கே வேலை பார்த்தவள் என்னோடு மில்லில் இருந்தவள், செட்டியார்பட்டிக்காரி. என்னைவிட எட்டு வயது இளையவள். நூல் அறுந்தால் நாங்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் அவள் முடிச்சுப் போட்டு முடித்திருப்பாள். மில்லைவிட்டு நின்ற பிறகு சும்மா இருக்க முடியவில்லை என்றாள். நான்தான் மாப்பிள்ளையிடம் சொல்லிச் சேர்த்துவிட்டேன். ஈயம் வைத்துப் பத்தவைக்கிற வேலையை ஒரே மாதத்தில் பிடித்துக்கொண்டாள். அவள் பத்தவைத்த இடம் அரிசி முனை மாதிரி சின்னதாக, பளபளவென்று இருக்கும். அவளைச் சேர்த்துவிட்டதில் எனக்குப் பெருமை. அவளைப் பற்றிய பெருமையைவிட, ஆளைக் கண்டுபிடித்தவள் நான் என்கிற பெருமைதான் கூட.

பக்கியைப் பிரித்துப் போட்டு மூன்று வாரம் கிடந்தது. எஞ்சினை எடுத்தார், எண்ணெய் டேங்கையும் புகைக்குழாயையும் எடுத்தார். எஞ்சின் இருந்த இடத்தில் தகடு வைத்து, வெளியூரிலிருந்து வரவழைத்த மோட்டாரை முடுக்கினார். அதற்குள் பிரஷ் கிடையாது, தேயாது என்றார். மோட்டாருக்கும் பேட்டரிக்கும் நடுவே கன்ட்ரோலர் என்று ஒரு சின்னப் பெட்டி. மோட்டார்ப் பக்கம் அதற்கு மூன்று வயர், பேட்டரிப் பக்கம் இரண்டு வயர். எல்லாவற்றையும் செட்டியார்பட்டிக்காரிதான் பத்தவைத்தாள்.

முதல் தடவை ஓட்டிப் பார்த்தபோது நான் ஸ்டூலில் இருந்தேன். வண்டியைக் கட்டைமேல் தூக்கி வைத்து ரிமோட்டை அழுத்தினார். சக்கரம் பின்னால் சுற்றியது. மாப்பிள்ளை தலையைச் சொறிந்தார். கன்ட்ரோலருக்குள் ஏதோ செட்டிங்கை மாற்ற வேண்டும் என்று போனில் தேட ஆரம்பித்தார்.

“மோட்டாருக்கு மூணு வயருதான மாப்பிள்ளை? அதுல ஏதாவது ரெண்ட மாத்திச் சொருகுங்க” என்றேன்.

“இது மில்லு மோட்டார் மாதிரி இல்ல அத்தை. கம்ப்யூட்டர் சாமானம்.”

“மாத்தித்தான் பாருங்களேன்.”

மில்லில் மூன்று பேஸ் கரண்டு, லைன் மாற்றிக் கொடுத்தால் மிசின் திரும்பிச் சுற்றும். எலக்ட்ரீசியன் வந்து மூன்றில் இரண்டு வயரை மாற்றிக் கொடுத்துவிட்டுப் போவார், சரியாகிவிடும். இருபத்தேழு வருசத்தில் எத்தனை தடவை பார்த்திருப்பேன்! மாப்பிள்ளை மாற்றினார். சக்கரம் முன்னால் சுற்றியது. கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

“அத்தைக்கு டிப்ளமா குடுக்கணும்” என்றார் மாப்பிள்ளை.

“யக்கா, என் ஸ்டூலயும் நீயே எடுத்துக்கிடு” என்றாள் செட்டியார்பட்டிக்காரி.

அந்த வாரம் முழுக்கத் தெருவில் எனக்கு இதே பேச்சுத்தான்.

அடுத்த வெள்ளிக்கிழமை மத்தியானம் மாப்பிள்ளை சாப்பிடப் போயிருந்தார். செட்டியார்பட்டிக்காரி தேங்காய் வாங்கிவரக் கடைத்தெருவுக்குப் போனாள். கடையில் நான் மட்டும். மேசைமேல் பக்கி கட்டையில் நின்றது, பக்கத்தில் சார்ஜ் ஏற்றிய பேட்டரி. எனக்கு அந்தச் சக்கரம் இன்னொரு தடவை சுற்றுவதைப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. சின்னப்பிள்ளை ஆசைதான். வேறு காரணம் ஒன்றும் சொல்வதற்கில்லை.

பேட்டரியில் இரண்டு ஓட்டை. கன்ட்ரோலரிலிருந்து வந்த இரண்டு வயரின் நுனியிலும் பித்தளை முளை. சிவப்பைச் சிவப்பிலும் கருப்பைக் கருப்பிலும் சொருகினேன். ரிமோட்டை அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. கன்ட்ரோலரில் ஒரு பொடி சுவிட்சு உண்டு, அதைப் போட வேண்டும் என்று எனக்குத் தெரியாது. காத்திருந்து கேட்டிருக்கலாம். கேட்க மனம் வரவில்லை. டிப்ளமாக்காரி அல்லவா? நகரவில்லையென்றால் மாற்று என்று உருவி, சிவப்பைக் கருப்பிலும் கருப்பைச் சிவப்பிலும் கொடுத்தேன். ஓட்டைக்கு மேலே கூட்டல் குறியும் கழித்தல் குறியும் போட்டிருந்தது. தெரியாமல் செய்தேன் என்று யாரும் எனக்காகப் பேச வேண்டாம். அதைப் பார்த்துக்கொண்டேதான் சொருகினேன்.

பட்டென்று வெடித்தது. நெருப்புப் பொறி தெறித்தது. கன்ட்ரோலரிலிருந்து மஞ்சளாகப் புகை வந்தது. இது வரைக்கும் நடந்தது மடத்தனம். அதற்குப் பிறகு செய்ததுதான் பாவம். வயரை உருவி, சிவப்பைச் சிவப்பிலும் கருப்பைக் கருப்பிலும் ஒழுங்காகச் சொருகி வைத்துவிட்டு ஸ்டூலில் போய் உட்கார்ந்தேன். புத்திக்கு முன்னால் கை அதைச் செய்துவிட்டது. அத்தனை நறுவிசாகச் செய்தது.

மாப்பிள்ளை வாசலில் ஏறும்போதே கேட்டார்.

“என்ன அத்தை, கருகுன வாடை?”

“தானாப் பொகஞ்சுச்சு மாப்பிள்ளை. நான் அந்தப் பக்கமே போகல.”

அவர் முதலில் பேட்டரியைக் கழற்றி வெளியே மண்ணில் வைத்தார். பிறகு கன்ட்ரோலரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வயர் சேரும் இடம் கரியாக இருந்தது. அதற்குள் செட்டியார்பட்டிக்காரி தேங்காய்ப் பையோடு வந்துவிட்டாள். கான்சாபுரத்துக்காரர் ஒருவரும் தோட்டத்தில் பன்றிக் காவலுக்குக் கொண்டுபோகிற டார்ச்சைக் கொடுக்க வந்து நின்றார்.

“யக்கா, பேட்டரி வயரு நீங்க பத்தவச்சதுதான? ஈயம் எங்கயும் சிந்திருச்சா? ரெண்டும் ஒட்டிருச்சு போல” என்றார் மாப்பிள்ளை. கோபமாகக் கேட்கவில்லை, சும்மாதான் கேட்டார்.

“இல்லய்யா, நல்லாத்தான வச்சேன்…” என்று அவள் கன்ட்ரோலரைக் கண்ணருகில் கொண்டுபோனாள். கரியில் என்ன தெரியும்?

“கெழவியள வச்சு வேல பாத்தா தீபாவளி சீக்கிரம் வந்துரும்ல” என்று கான்சாபுரத்துக்காரர் சிரித்தார்.

அவள் என்னைப் பார்த்தாள். சந்தேகப்பட்டுப் பார்க்கவில்லை. நீயாவது சொல் என்கிற மாதிரி பார்த்தாள். அவள் வேலையைப் பற்றி அந்தக் கடையில் பேசத் தகுதி இருந்தது எனக்குத்தான். நான் சொன்னேன்:

“வயசாச்சுல்லட்டி. கண்ணு முன்ன மாதிரி இருக்குமா?”

அவள் சேலை முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். அன்றைக்கு மீதிப் பொழுதெல்லாம் பத்தவைக்கிற கோலைத் தொடவில்லை, மிக்சி ஜாரைத்தான் கழுவிக்கொண்டிருந்தாள்.

பிறகு நடந்ததெல்லாம் மகள் சொல்லித் தெரிந்தது. மாப்பிள்ளை வேறு கன்ட்ரோலர் வரவழைத்துவிட்டார். அவளிடமே பத்தவைக்கக் கொடுத்தார். “நீங்களே வச்சுக்கிடுங்கய்யா” என்று ஒதுங்கிவிட்டாள். ராஜபாளையத்தில் கண் டாக்டரிடம் போய்ப் பார்த்திருக்கிறாள். கண்ணில் ஒரு குறையும் இல்லை என்றாராம். “கண்ணுல இல்லன்னா அப்ப கையிலதான்” என்று அவளாகவே முடிவு கட்டிக்கொண்டாள். கொஞ்ச நாளில் கடைக்கு வருவதை நிறுத்திவிட்டாள். மாப்பிள்ளை இரண்டு தடவை போன் போட்டுக் கூப்பிட்டும் வரவில்லை.

நான் வாயைத் திறக்கவில்லை. மாமியார் என்றால் மாப்பிள்ளை முன்னால் ஒரு மரியாதை இருக்கிறது, அது போய்விடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மகளுக்கு அந்த வீட்டில் தலைக்குனிவு என்றும் சொல்லிக்கொண்டேன். இரண்டும் பொய். இருபத்தேழு வருசம் போய்விடுமே என்பதுதான் உண்மை.

பக்கி தயாரானதும் கண்மாய்க்குள் ஓட்டிக் காட்ட என்னையும் அழைத்துக்கொண்டு போனார்கள். புகை இல்லை, கத்தல் இல்லை. விர்ரென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மண்ணை வாரி இறைத்துக்கொண்டு கரையேறிப் பறந்தது. வைதுகொண்டிருந்த ஆட்டுக்காரர்களே நின்று பார்த்தார்கள். அவர்களிடம் மாப்பிள்ளை, “இந்தா இருக்காகள்ல எங்க அத்தை, வயர மாத்திச் சொருகச் சொன்னதே இவுகதான்” என்று பெருமையாகச் சொன்னார். எனக்கு அந்த மண்ணுக்குள் புதைந்துகொள்ளலாம் போல இருந்தது. வயரை மாற்றியது இவுகதான் என்று அவர் குற்றமாகச் சொல்லுகிற மாதிரியே காதில் விழுந்தது.

மறுநாள் காலை செட்டியார்பட்டிக்குப் பஸ் ஏறினேன்.

அவள் வீட்டில் பேண்டேஜ் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மூட்டை மூட்டையாக வெள்ளைத்துணி. என்னைக் கண்டதும் சிரித்து, துணியைத் தள்ளி இடம் போட்டாள்.

“இது நல்ல வேல யக்கா. கண்ணு வேண்டாம். தடவிப் பாத்தே மடிச்சிரலாம்” என்றாள். பார்வையை எங்கேயோ வைத்துக்கொண்டு, கை மட்டும் மடித்தது.

உட்காராமல் நின்றபடியே சொன்னேன். உட்கார்ந்தால் வேறு பேச்சுப் பேசிவிட்டு வந்துவிடுவேன் என்று பயம். பேட்டரியை எடுத்தது, மாற்றிச் சொருகியது, வெடித்தது, திரும்ப ஒழுங்காகச் சொருகி வைத்தது, எல்லாம் சொன்னேன். அவள் கை நின்றுவிட்டது.

“அப்ப எங்கண்ணு நல்லாத்தான் இருக்கா?”

முதலில் கேட்டது அதுதான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

“உன் கண்ணும் நல்லாருக்கு, கையும் நல்லாருக்குட்டி. நான்தான்…”

“பேட்டரிக்கு ரெண்டு வயருதான யக்கா? அது என்ன மூணு பேஸா, மாத்திக் குடுக்க?”

அவள் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள்.

“எம்புட்டு நாளு! ராத்திரி படுத்தா கையத் தூக்கி வச்சு நடுங்குதான்னு பாத்துக்கிட்டே கெடப்பேன். எம் பேத்திக்குச் சட்டப் பொத்தான் தைக்கப் பயந்து பக்கத்து வீட்டுல குடுத்தேன். நீ வெள்ளிக்கெழமதோறும் போயி அந்த ஸ்டூல்ல உக்காந்துட்டு வந்திருக்க.”

“ஆமா.”

“அவர்ட்ட சொல்லிட்டியா?”

“இல்ல.”

“போனப் போடு. இப்பமே போடு. சத்தமா வையி, நான் கேக்கணும்.”

போட்டேன். கடையில் ஏதோ மிக்சி ஓடுகிற சத்தம் கேட்டது. “சொல்லுங்க அத்தை” என்றார். சொன்னேன். மகள் கல்யாணம் ஆன நாளிலிருந்து அவரிடம் குரலை இறக்கி நான் பேசியதில்லை. அன்றைக்குக் குரலே எழும்பவில்லை, இரண்டு தடவை திருப்பிச் சொல்ல வேண்டியிருந்தது. மிக்சி நின்றது. 

“அக்கா பக்கத்துல இருக்காகளா?” என்றார் மாப்பிள்ளை.

“இருக்கா.”

“அவுககிட்ட குடுங்க.”

என்னிடம் வேறு ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் போனை வாங்கி, காதில் வைத்துக்கொண்டு அடுப்படிப் பக்கம் போனாள். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் அந்த வெள்ளைத்துணி மூட்டைக்கு நடுவே நின்றேன். உட்காரச் சொல்லி அவள் தள்ளிப் போட்ட இடம் காலியாகவே இருந்தது.

திரும்பி வந்து போனைக் கையில் கொடுக்காமல் துணிமேல் வைத்தாள்.

“திங்கக்கெழமயில இருந்து வரச் சொல்லுதாரு. போகப் போறேன்.”

“போ. நல்லது.”

“நான் இருக்கயில நீ அங்கன வரக்கூடாது யக்கா.”

சரி என்றேன். மகள் வீட்டுக்கு இப்போதும் போகிறேன். கோயிலிலிருந்து மாப்பிள்ளை கடை இருக்கிற தெரு வழியே போனால் பக்கம். நான் பின்தெரு வழியாகச் சுற்றிப் போகிறேன்.